அதற்குப் பெயர் ஆசை இல்லை

சென்ற வாரப் பாராட்டு விழாவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. 2003-ல், 99 வயதில், ஆல்ப்ஸில் உள்ள மோன் பிளாங்க் மலைத்தொகுதியின் வாலே பிளான்ஷ் என்ற பனிச்சறுக்குப் பாதையில் சறுக்கி இறங்கிய ஜப்பானியர் கெய்சோ மியூராவை மேடையில் வாயாரப் புகழ்ந்த பேச்சாளர், அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு இன்னும் பனி ஆசை விடவில்லை" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்; அதுதான் இன்னும் ஆறவில்லை.

மியூரா சறுக்கினால் சாதனை, நான் சறுக்கினால் ஆசை. மியூராவின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் உண்மையாகவே பெரிய மனிதர். ஆனால் ஆசை என்பது கண்டதும் வருவது. நான் பன்னிரண்டு வயதில் முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் பூட்டிய குளிர்காலம் முழுவதும் கற்றது, விழுந்த இடத்தில் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி எழுந்து நிற்பதைத்தான். பயம் வந்தால் உடல் தானாக மலைப்பக்கம் சாயும். சாய்ந்தால் கால் வழுக்கும். பள்ளத்தை நோக்கி இருக்கும் காலில் எடையை ஊன்றினால்தான் பலகையின் விளிம்பு பனியைக் கவ்வும். அச்சத்துக்கு எதிர்த்திசையில் உடம்பைப் பழக்க எனக்கு மூன்று குளிர்காலங்கள் ஆயின. இதற்குப் பெயர் தேர்ச்சி.

"வேடிக்கையாகச் சொன்னதைப் பெரிதுபடுத்தலாமா?" என்பீர்கள். வேடிக்கை ஏன் எப்போதும் ஒரே பக்கம் பாய்கிறது என்று மட்டும் கேட்கிறேன். 1924-ல் ஆண்களுக்குத் தொடங்கிய ஒலிம்பிக் பனித்தாவல் (சறுக்குப் பலகையோடு சரிவுமேடையிலிருந்து பாயும் போட்டி), பெண்களுக்கு 2014-ல்தான் கிடைத்தது. 2005-ல்கூட, சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவரே, மருத்துவ நோக்கில் அது பெண்களுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை என்றார். அவருக்கும் நம்மீது அக்கறைதான், வேறென்ன?

வயதானால் எலும்பு முறியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இப்போதெல்லாம் காலையில் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பனிச்சறுக்கே பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பவர்களோடு இன்று வாதாட எனக்கு மனமில்லை.

ஒருமுறை, காற்று புதுப்பனியைக் கொண்டுவந்து குவித்திருந்த செங்குத்தான சரிவின் விளிம்பில் நின்றோம். காலடியில் பனி 'வும்' என்று உள்ளுக்குள் அமுங்கிய ஓசையைக் கேட்டதும், அடியில் ஏதோ ஓர் அடுக்கு பலமிழந்திருக்கிறது, மேலே உள்ள பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியலாம் என்று புரிந்து, என்னோடு வந்த ஐந்து பேரையும் திருப்பி அழைத்து வந்தேன். அன்று அந்தச் சரிவு சரியவே இல்லை என்பதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். திரும்பியது தவறென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மேடையில் சொல்வதற்கு இப்படி எத்தனையோ இருந்தன, யாரும் கேட்கவில்லை.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். முன்வரிசையில் என் கணவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பலகை பூட்டக் கற்றுக்கொடுத்தவளே நான். சரிவில் நடுங்கி நின்றவரின் முன்னால் பின்னோக்கிச் சறுக்கியபடி, கையைப் பிடித்து இறக்கி வந்தவளும் நான்தான்.

சனிக்கிழமை மலைக்குப் போகிறோம். என் பலகைகளின் விளிம்பை நேற்றிரவே தீட்டி வைத்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளாக அவருடையதையும் நான்தான் தீட்டி வந்தேன்; இம்முறை அவரே தீட்டிக்கொள்ளட்டும்.