நாலு வருஷ ஈசிஇ படிப்புல ஒரே ஒரு போர்டு கூடச் செய்ய வைக்க மாட்டீங்களா?

ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங், முடிச்சிட்டு வர்ற பசங்களை இன்டர்வியூ எடுக்குற ஒவ்வொரு தடவையும் எனக்கு ரத்தம் கொதிக்குது. கோபம் அந்தப் பசங்க மேல இல்ல. நாலு வருஷம் அவங்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும், எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்னு முடிவு பண்ணுனவங்க மேல.

எங்களுது சின்ன ஹார்டுவேர் கம்பெனி. ஃப்ரெஷர் யார் வந்தாலும் நான் கேக்குற முதல் கேள்வி இதுதான்: 3.3 வோல்ட் சப்ளை இருக்கு, ஒரு சிவப்பு எல்இடி எரியணும், என்ன ரெசிஸ்டர் போடுவீங்க? எல்இடிக்கு 2 வோல்ட் போயிடும், மிச்சம் 1.3. பத்து மில்லிஆம்ப் போதும்னா 130 ஓம். ஓம் விதி, அவ்வளவுதான். ஒன்பதுக்கு மேல சிஜிபிஏ வெச்சிருக்குற பிள்ளைங்க பேனாவைப் பிடிச்சிக்கிட்டு பேப்பரையே பாத்துக்கிட்டு இருக்காங்க. அதே பிள்ளைங்ககிட்ட மேக்ஸ்வெல் சமன்பாட்டைக் கேளுங்க, பாயின்ட் ஃபார்ம், இன்டெக்ரல் ஃபார்ம் ரெண்டும் தடங்கல் இல்லாம வரும்.

அடுத்து ஒரு சர்க்யூட் போர்டைக் கையில கொடுப்பேன். ஒவ்வொரு ஐசி (சிப்) பக்கத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்குற 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் எதுக்கு தம்பி? "ஃபில்டர் சார்." எதை ஃபில்டர் பண்ணுது? பதில் வராது. ஐசி ஸ்விட்ச் ஆகுற நேரத்துல சில நானோசெகண்டுக்குள்ள கரன்ட் இழுக்கும். சப்ளை எங்கேயோ தள்ளி இருக்கு, நடுவுல இருக்குற ட்ரேஸோட, அதாவது போர்டு மேல ஓடுற செம்புக் கோட்டோட, இண்டக்டன்ஸ் அவ்வளவு வேகமா கரன்ட் வர விடாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கைகொடுக்கத்தான் அந்தக் கெபாசிட்டர் ஐசியோட சப்ளை பின்னுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. இண்டக்டன்ஸ்னா என்னன்னு அந்தப் பையனுக்குத் தெரியும், பரீட்சையில 13 மார்க்குக்கு எழுதியிருக்கான். ஆனா பாடத்துல வர்ற ஐசி படங்கள்ல இந்தக் கெபாசிட்டரை யாரும் வரைஞ்சு காட்டுனதில்ல. அது இல்லாம ஒரு போர்டு போட்டு, அது காரணமே தெரியாம ரீசெட் ஆகி, ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சிக்கிற வாய்ப்பை இந்தப் படிப்பு அவனுக்குக் கொடுக்கவே இல்ல.

உடனே "ஆமா ஆமா, எல்லாம் ஏட்டுச் சுரைக்காய், தியரியைக் குறைக்கணும்"னு யாரும் வந்துடாதீங்க. நான் சொல்றது அது இல்ல. ஃபூரியர் வேணும். நெட்வொர்க் தியரம் வேணும். எலக்ட்ரோமேக்னடிக்ஸ் கண்டிப்பா வேணும். இன்னைக்கு வர்ற அதிவேக போர்டுல ஒரு ட்ரேஸே சிக்னல் அலையா ஓடுற ட்ரான்ஸ்மிஷன் லைன்தான். இம்பீடன்ஸைக் காட்டுற வட்ட வரைபடமான ஸ்மித் சார்ட்டை காம்பஸ் வெச்சு வரைய வைக்கிறீங்க, நல்லது. சில ஆயிரம் ரூபாய்க்கு நேனோவிஎன்ஏன்னு கையடக்கமா ஒரு கருவி கிடைக்குது. ஒரு ஆன்டெனாவை மாட்டுனா அதே ஸ்மித் சார்ட் திரையில உயிரோட ஓடும். அதை ஒரே ஒரு தடவை காட்டியிருந்தா அந்த யூனிட் முழுக்க பிள்ளைங்க மனசுல நின்னிருக்கும். பத்து ரெண்டு மார்க், அஞ்சு பதிமூணு மார்க், ஒரு பதினஞ்சு மார்க்னு கேள்வித்தாளை வெச்சுக்கிட்டு அதுக்காகவே பாடத்தை அஞ்சு யூனிட்டா நறுக்கிக் கொடுத்தா, ஒரு யூனிட்டுல படிச்சது இன்னொரு யூனிட்டுல எதுக்கு உதவும்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

லேப் இருக்கேன்னு சொல்வீங்க. அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

ஆர்சி கப்பிள்டு ஆம்ப்ளிஃபையர். ஈசிஇ படிச்ச யாரும் இதைத் தாண்டி வந்திருக்க முடியாது. பிசி107 ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கெபாசிட்டர். சர்க்யூட்டும் வேல்யூவும் மேனுவல்லயே இருக்கும், டிசைன் பண்ண எதுவும் இல்ல. சிக்னல் ஜெனரேட்டர் போட்டு 50 ஹெர்ட்ஸ்ல இருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ரீடிங் எடுத்து செமிலாக் ஷீட்டுல கிராஃப் போடணும். ப்ரெட்போர்டு லூஸா இருக்கும், சிஆர்ஓ (அலையைத் திரையில காட்டுற ஆசிலோஸ்கோப்) ப்ரோபுல பாதி அறுந்திருக்கும், அவுட்புட் வராது. அந்த நிமிஷம்தான் எலக்ட்ரானிக்ஸ் ஆரம்பிக்கிற இடம்! ஏன் வரல? பயாஸ் வோல்டேஜ் சரியா இருக்கா? கலெக்டர்ல எவ்வளவு இருக்கு? ட்ரான்சிஸ்டர் சாச்சுரேஷன்ல போய் நிக்குதா? இதைத் தேட விட்டா ஒரு மத்தியானத்துல அந்தப் பிள்ளை இன்ஜினியர் ஆயிடும். ஆனா நடக்குறது என்ன? "வரலையா? பக்கத்து பேட்ச் ரீடிங்கை வாங்கி எழுது, மாடல் கிராஃப் மாதிரி வந்தா போதும்." பதினெட்டு வயசுல ஒரு பிள்ளைக்கு நாம கத்துக்கொடுக்குற முதல் தொழில் பழக்கமே அளவைப் பொய்யா எழுதுறது. அதை அழகான கையெழுத்துல ரெக்கார்ட் நோட்டுல எழுதி, பென்சில்ல மார்ஜின் போட்டு, கையெழுத்து வாங்கணும். மார்ஜின் கோணலா இருந்தா நோட்டு திரும்பி வரும். ரீடிங் பொய்யா இருந்தா வராது.

இதுலயும் ட்ரெய்னர் கிட்னு ஒண்ணு வந்து குடியை முழுக்கக் கெடுத்துடுச்சு. பெட்டி மேலேயே சர்க்யூட் அச்சடிச்சிருக்கும், உள்ள எல்லாம் சால்டர் பண்ணியே இருக்கும். ரெண்டு பேட்ச் கார்டை இங்கேயும் அங்கேயும் குத்துனா எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்சது. பிள்ளை ஒரு பாகத்தைக் கையில தொடல.

741 ஆப்-ஆம்ப் 1968ல வந்தது. அதை வெச்சு உள்ளமைப்பைச் சொல்லிக்கொடுக்கலாம், தப்பே இல்ல. ஆனா அது ப்ளஸ் மைனஸ் 15 வோல்ட்டுக்காகப் பிறந்தது. பேட்டரியில ஓடுற 3.3 வோல்ட் சர்க்யூட்டுல அதைப் போட்டா வேலைக்கு ஆகாதுன்னு எந்த வகுப்புலயாவது சொல்றாங்களா? சப்ளையோட ரெண்டு எல்லை வரைக்கும் வேலை செய்யுற ஆப்-ஆம்ப்புக்குச் சொல்ற ரெயில்-டு-ரெயில்ங்கிற வார்த்தையையே கேள்விப்படாம வந்து நிக்கிறாங்க. நான் படிச்சப்போ 1978ல வந்த 8086 ப்ராசஸர், கூடவே அதுக்குத் துணையா 8255, 8259, 8279 சிப்புகள். கீபோர்டையும் டிஸ்ப்ளேயையும் பாத்துக்க மட்டும் நாப்பது பின் வெச்ச ஒரு தனி சிப்! அதோட பின் டயக்ராமை மனப்பாடம் பண்ணுனோம். சில இடத்துல இப்போ 8086-ஐ எடுத்துட்டு 1980ல வந்த 8051 மைக்ரோகன்ட்ரோலரை விட்டு வெச்சிருக்காங்க. சென்னையில ஐஐடிக்காரங்க ஷக்தின்னு ரிஸ்க்-ஃபைவ்ங்கிற திறந்த வடிவமைப்புல ஒரு ப்ராசஸரைத் தாங்களே டிசைன் பண்ணி, 2018ல அதுல லினக்ஸையே ஓட்டிட்டாங்க. அதே ஊருல பஸ் ஏறிப் போற தூரத்துல இருக்குற காலேஜ் பிள்ளைக்கு அந்தப் பேரே தெரியல.

வாத்தியார்களைத் திட்ட எனக்கு மனசு வரல. அவங்க நேரத்தை வேற ஒண்ணு தின்னுது. இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்குற வாஷிங்டன் அக்கார்டு ஒப்பந்தத்துல இந்தியா 2014ல நிரந்தர உறுப்பினர் ஆச்சு, சந்தோஷம். அதையொட்டி அங்கீகாரத்துக்காக சிஓ-பிஓ மேப்பிங்னு (பாடத்தோட பலன் படிப்போட பலனுக்கு எவ்வளவு உதவுதுன்னு காட்ட) ஒரு டேபிள். "இந்தப் பாடம் முடிச்சா மாணவர் ஆம்ப்ளிஃபையர் டிசைன் செய்வார்", அதுக்கு நேரா 3, 2, 1னு எண். ஒரு பிள்ளையும் ஆம்ப்ளிஃபையர் டிசைன் பண்ணல, ஆனா கட்டத்துல 3 இருக்கு. அந்த ஃபைலை நிரப்பத்தான் லெக்சரர்கள் சனிக்கிழமையும் காலேஜுக்கு வர்றாங்க. அந்த நேரத்துல லேபைத் திறந்து விட்டிருந்தா என்னென்ன நடந்திருக்கும்!

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டைப் பத்திப் பேசவே வேண்டாம். ப்ராஜெக்ட் சென்டர்ல பணத்தைக் கட்டுனா கிட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒண்ணா வருது. வாங்குற பிள்ளைக்கும் தெரியும், வைவா எடுக்குறவருக்கும் தெரியும்.

2021 டிசம்பர்ல ஒன்றிய அரசு செமிகண்டக்டருக்குன்னு 76,000 கோடி ரூபாய் அறிவிச்சுது. 2023ல தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்குற ஏஐசிடிஇ, விஎல்எஸ்ஐ-ங்கிற சிப் டிசைனுக்குத் தனியா ஒரு பிடெக் பாடத்திட்டமே போட்டுச்சு. தமிழ்நாட்டுல இருந்து போற எலக்ட்ரானிக்ஸ் 2023-24ல மட்டும் 900 கோடி டாலரைத் தாண்டிச்சு. வேலை நம்ம வாசலுக்கே வந்து நிக்குது. நம்ம பிள்ளைங்க கோர் வேலை கிடைக்காம ஏதோ ஒரு ஐடி கம்பெனியில டெஸ்டிங்ல போய் உக்காருறாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல போன் அசெம்பிள் பண்ண ஆள் இருக்கு, அந்தப் போனுக்குள்ள இருக்குற போர்டை இங்கேயே டிசைன் பண்ண ஆளைத் தேட வேண்டியிருக்கு. பாடத்திட்டத்துக்குப் புதுப் பேர் வெச்சா மட்டும் இது மாறாது. பழைய லேப்ல, பழைய ரெக்கார்ட் நோட்டுல, அதே பேட்ச் கார்டுதானே?

காசு இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. போர்டு டிசைனுக்கு கிகேட் மென்பொருள் இலவசம். சர்க்யூட்டை கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்க எல்டிஸ்பைஸ் இலவசம். ஐஐடி பாம்பே ஈசிம்னு ஒரு சர்க்யூட் டிசைன் மென்பொருள் செஞ்சு இலவசமாவே கொடுக்குது. 2020ல இருந்து 130 நானோமீட்டர் சிப் டிசைனுக்கான ஸ்கைவாட்டர் ஃபேக்டரியோட பிடிகே (சிப் டிசைனுக்குத் தேவையான விதிகளும் மாடல்களும்) கூடத் திறந்து கிடக்குது. சின்ன ரெண்டு லேயர் போர்டு அடிக்க சில நூறு ரூபாய். பாகங்களுக்கு சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச ரிச்சி தெரு இருக்கு. ஒரு ட்ரெய்னர் கிட் வாங்குற காசுல ஒரு பெஞ்சு முழுக்க பிள்ளைங்க ஆளுக்கு ஒரு போர்டு செஞ்சிடலாம்.

அடுத்த ரெகுலேஷன், அதாவது புதுப் பாடத்திட்டம், எழுத உக்காரப் போறவங்க இதைச் செய்யுங்க. மூணாவது செமஸ்டர்ல ஒவ்வொரு பிள்ளையும் தனக்குன்னு ஒரு சர்க்யூட்டை வரையணும், லேஅவுட் போடணும், தன் கையால சால்டர் பண்ணணும், ஓட வைக்கணும். பரீட்சையில கேள்வித்தாளோட ஒரு டேட்டாஷீட்டையும் கொடுங்க, அதைப் பாத்துப் பதில் எழுதட்டும். லேப்ல "எனக்கு அவுட்புட் வரல, இதையெல்லாம் அளந்து பாத்தேன், எமிட்டர் பைபாஸ் கெபாசிட்டரைத் தலைகீழா மாட்டியிருந்தேன்"னு எழுதுற பிள்ளைக்கு முழு மார்க் போடுங்க. பக்கத்து பேட்ச் ரீடிங்கைக் காப்பி அடிச்ச அழகான கிராஃபுக்குப் பூஜ்யம் போடுங்க.