மச்சத்தில் சுண்ணாம்பு வைக்காதீர்கள், பிள்ளைகளே

பிளாஸ்டரை உரித்தபோது அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். இடது கன்னத்தில் மிளகளவு மச்சம் ஒன்று இருந்த இடம் அது. இப்போது அங்கே ஒரு ரூபாய்க் குற்றியளவுக்குத் தோல் வெந்து, நடுவில் சாம்பல் நிறமாகவும் ஓரத்தில் சிவந்தும் கசிந்துகொண்டிருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பின் வெள்ளை, காயத்தின் விளிம்பில் இன்னும் ஒட்டியிருந்தது. நசித்த உள்ளிப்பூண்டின் மணம் போகவில்லை.

அவள் என் தங்கையின் மகள், என் பெறாமகள். வயது 19. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக உப்புவெளியில் வீட்டோடு இருந்த நாட்கள். கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறாள். முதல் மூன்று இரவு அப்பச்சோடாவும் ஆமணக்கெண்ணெயும் குழைத்துப் பூசியிருக்கிறாள். அசையவில்லை. பிறகு உள்ளியைச் சீவி வைத்துப் பிளாஸ்டர் ஒட்டிப் படுத்திருக்கிறாள். எரிந்ததாம். "எரிந்தால் வேலை செய்கிறது என்று அதில் சொன்னார்கள், பெரியம்மா" என்றாள். கடைசியில் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்து, சோடாவுடன் சேர்த்து அப்பியிருக்கிறாள். விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள் அந்தப் பிள்ளை.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசியில் 22 வருடமாக நிற்கிறேன். மச்சம் கரைக்க மருந்து கேட்டு வராத மாதம் இல்லை. காலாணிக்கு ஒட்டும் பிளாஸ்டரை முகத்து மச்சத்துக்கென்று வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் 40 சதவீதம் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. பாதத்தின் தடித்த தோலை உரிப்பதற்குச் செய்த பொருள் அது, கன்னத்துக்கானது அல்ல. அப்படிக் கேட்டு வந்தவர்களை எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாளும் இதைச் சொல்லி வைக்கவில்லை. அந்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

மச்சம் என்பது தோலின் மேல் ஒட்டிய அழுக்கு அல்ல. தோலுக்கு நிறம் தருகிற கலங்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்திருப்பதுதான் மச்சம். அந்தக் கூட்டம் மேல்தோலுக்கு அடியிலும் அதற்குக் கீழுள்ள படையிலும் இறங்கியிருக்கும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் 10 முதல் 40 வரை மச்சங்கள் இருப்பது சாதாரணம். மேலே எதைப் பூசினாலும் முதலில் வேகுவது மச்சத்தைச் சுற்றியுள்ள நல்ல தோல். மச்சத்தின் அடிப்பகுதி உள்ளேயே இருந்துவிடும்.

சுண்ணாம்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அளவில் சுண்ணாம்பு 12ஐத் தாண்டும். எங்கள் தோலோ 5ஐ ஒட்டி நிற்பது. அந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்கு. வினாகிரி போன்ற அமிலம் தோலில் பட்டால் மேற்பகுதி வெந்து கட்டிபட்டு, ஓரளவுக்காவது உள்ளே போகவிடாமல் தடுக்கும். சுண்ணாம்பு போன்ற காரம் அப்படி நிற்காது. தோலின் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் சின்னப் புண், அடியில் கிணறு. உள்ளியும் லேசுப்பட்டது அல்ல. நசித்தவுடன் அதில் உருவாகும் அல்லிசின், சில மணி நேரம் மூடிக் கட்டி வைத்தாலே தோலைச் சுட்டுவிடும். மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டுப் பால் கொப்புளம் கிளப்பும். எருக்கலம்பாலை முகத்தில் வைப்பவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும், அது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழியே பழுதாகலாம்.

வினாகிரி பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. 2015இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 14 வயதுச் சிறுமியின் கதை வெளியானது. மூக்கில் இருந்த இரண்டு மச்சங்களைப் போக்க, இணையத்தில் பார்த்த முறைப்படி அப்பிள் வினாகிரியை வைத்துக் கட்டியிருக்கிறாள். மூன்று நாளில் மூக்கில் புண். கடல் கடந்தும் அதே பிள்ளை, அதே காணொளி, அதே கன்னம் மூக்கு.

"அந்தக் காலத்தில் ஆச்சிமார் செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். செய்தார்கள். என் அம்மம்மாவே செய்திருக்கிறார். ஆனால் அவர் வைத்தது பாலுண்ணிக்கு, மச்சத்துக்கு அல்ல. பாலுண்ணி ஒரு வைரஸால் வருவது. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு வருடங்களுக்குள் தானாகவே மறைந்துபோகும். என் விரலில் பாலுண்ணி வந்தபோது அம்மம்மா கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்து வைத்தார். உப்பு கரைவதுபோல அதுவும் கரையும் என்றார், கரைந்தது. அந்த நேர்த்தியை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அது என் விரலைச் சுடவில்லை. தோலில் சிறு தண்டுபோலத் தொங்கும் உண்ணிக்குத் தலைமயிர் கட்டி விழவைத்ததையும் பார்த்திருக்கிறேன். மச்சம், பாலுண்ணி, தொங்கும் உண்ணி மூன்றும் வேறு வேறு. காணொளிக்காரர்கள் மூன்றையும் ஒரே பெயரில் போட்டு ஒரே மருந்தைச் சொல்கிறார்கள். ஆச்சிமாருக்கு இருந்த பிரித்தறிவு அதில் இல்லை.

சித்த வைத்தியத்தின் பெயரையும் இதில் இழுக்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. சித்த மருத்துவத்தில் புறமருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். காரமும், சூடு போடும் சுட்டிகையும், அறுவையும் அவற்றில் உண்டு. அவற்றை எங்கே, யாருக்கு, எவ்வளவு என்று தெரிந்து கையாள்வதற்குத்தான் வருடக்கணக்கில் படிக்கிறார்கள். எங்கள் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அது பட்டப்படிப்பு. இரவு பதினொரு மணிக்குக் குசினியில் நின்று சோடாவையும் சுண்ணாம்பையும் குழைப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். தோலில் சொறி சிரங்கு என்றால் கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளிக் குளித்துவிட்டு வருகிற வழக்கமும் எங்களிடம் இருக்கிறது. போய்க் குளித்துவிட்டு வாருங்கள், மனதுக்கும் நல்லது. தோல் வேகாது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விடயம். தழும்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இதில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, கடற்றொழில் செய்யும் அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். காலாணி பிளாஸ்டர் கேட்டார். எங்கே ஆணி என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக் குதிக்காலைத் தூக்கிக் காட்டினார். மை சிந்தினதுபோல ஒரு கறுப்பு. ஒரு பக்கம் கருமை, மறுபக்கம் மண்ணிறம், ஓரம் தேசப்படத்தின் கரைபோல நெளிந்து கிடந்தது. "முருகைக் கல் குத்தின காயம், தங்கச்சி. ஒரு வருடமாக ஆறவில்லை. மனிசி உள்ளி வைத்துக் கட்டச் சொன்னாள், அதற்கு முதல் இதை ஒட்டிப் பார்க்கிறேன்" என்றார். நான் பிளாஸ்டர் கொடுக்கவில்லை. அவருக்குக் கோபம். கடைக்கு வெளியே நின்றிருந்த அவருடைய மகனைக் கூப்பிட்டு, நாளைக் காலையே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன். போனார்கள். சதைத்துண்டு எடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா. நிறக் கலங்களில் வரும் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, குதிக்காலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, இன்று சற்றுச் சாய்ந்து நடந்தாலும் நடக்கிறார். தொழிலுக்கும் போகிறார்.

அவர் அன்று உள்ளி வைத்துக் கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தக் கறுப்பு மேலே வெந்து உரிந்திருக்கும். மாறிவிட்டது என்று நினைத்திருப்பார். உள்ளே அது தன் பாட்டில் இறங்கிக்கொண்டிருந்திருக்கும். இந்தப் புற்றுநோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை, அது தோலுக்குள் எத்தனை மில்லிமீற்றர் தடிப்புக்கு இறங்கியிருக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் அளந்துதான் முக்கியமாகக் கணிக்கிறார்கள். ஒரு மில்லிமீற்றருக்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலும் வெட்டியெடுப்பதோடு முடிந்துவிடும். மேற்பகுதியைச் சுண்ணாம்பால் எரித்துவிட்டு வந்தால் வைத்தியர் எதை அளப்பார்?

எங்களைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு மெலனோமா வருவது குறைவு. அது உண்மை. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று நாங்கள் பார்க்காத இடங்களிலேயே அதிகம் வருகிறது. அதனால் பிந்தித்தான் தெரிகிறது. உப்புவெளிக் கடற்கரைக் கடைகளில் தொங்கும் சேர்ட்டுகளில் பாடகர் பொப் மார்லியின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் இருந்தது பந்து விளையாடியபோது பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. அது மெலனோமா. 1981 மே 11இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

நாங்களோ முகத்து மச்சத்தோடு மல்லுக்கட்டுகிறோம். என் பெறாமகளை இதற்குத் தள்ளியது காணொளி மட்டும் அல்ல. கலியாண வீடு ஒன்றில் உறவுக்காரப் பெண் ஒருவர், "அந்தக் கறுப்பு மட்டும் இல்லாவிட்டால் இன்னும் எடுப்பாக இருப்பாள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளை அன்றிரவே கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். இவள் குழந்தையாக இருந்தபோது, நாவூறு படக்கூடாது என்று இதே கன்னத்தில் தினமும் கரும்பொட்டு வைத்தவர்கள் நாங்கள்! அந்தக் கறுப்பு அன்று காவல், இன்று குறையா? பெரியவர்களே, ஒரு பெண்பிள்ளையின் முகத்தைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். அவள் அதைச் சுண்ணாம்பாக வாங்கிக்கொள்கிறாள்.

மச்சம் பிடிக்கவில்லை, எடுக்கத்தான் வேண்டும் என்றால் எடுக்கலாம். அது பாவம் ஒன்றும் அல்ல. வெளிநோயாளர் பிரிவில் காட்டித் தோல் கிளினிக்குக்குத் துண்டுச்சீட்டு வாங்குங்கள், அரச ஆஸ்பத்திரியில் பணம் கேட்பதில்லை. விறைப்பு ஊசி போட்டு வெட்டியெடுத்துத் தையல் போடுவது சிறிய வேலை. எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அழகு நிலையங்களில் லேசர் என்று சொல்லிப் பொசுக்கிவிடுகிற இடங்களை நான் நம்ப மாட்டேன். அங்கே பரிசோதிக்கத் துண்டு மிஞ்சாது.

ஏற்கெனவே எதையாவது பூசி எரிகிறது என்றால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரி.

பெறாமகளின் புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. எங்கள் தோல் நிறத்துக்குத் தழும்பு தடித்து எழும்புவது சகஜம். அவளுக்கும் எழும்பியிருக்கிறது, சுற்றிலும் கருமை. போன கிழமை அவளே என்னிடம் வந்து, "பெரியம்மா, நடுவில் திரும்பவும் ஒரு புள்ளி வருகிறது" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். தழும்புக்குள் கறுப்பு. அரைகுறையாக அழிந்த மச்சம் தழும்புக்குள் திரும்ப முளைப்பது தெரிந்த விடயம்தான். ஆனால் அப்படி முளைத்தது ஒழுங்கற்ற வடிவில் இருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்ப்பவரையே புற்றுநோயோ என்று குழப்பக்கூடியது. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

அதன் பிறகு ஒரு வேலை செய்தோம். இரவு சாப்பாடு முடிந்ததும் கைபேசி டோர்ச்சை அடித்து வீட்டில் எல்லோருடைய உள்ளங்காலையும் நகத்தையும் முதுகையும் பார்த்தோம். எந்த மச்சம் மற்றவற்றைப் போல இல்லாமல் தனித்து நிற்கிறது, எதன் ஒரு பாதி மறுபாதியோடு ஒத்துப்போகவில்லை, ஓரம் பிசிறியிருக்கிறதா, ஒன்றிலேயே பல நிறம் இருக்கிறதா, பென்சிலின் பின்பக்கத்தைவிட, அதாவது 6 மில்லிமீற்றரைவிடப் பெரிதா என்று பார்த்தோம். எல்லாவற்றையும்விட, மாறிக்கொண்டிருக்கிறதா, தானாக இரத்தம் கசிகிறதா என்று கேட்டோம். 78 வயதான அம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். பேத்தி விடவில்லை. பாதத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தாள். அம்மாவின் குதிக்காலில் வெடிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

வருகிற வியாழக்கிழமை அவளுக்குத் தோல் கிளினிக். கடையில் லீவு சொல்லிவிட்டேன், நானும் கூடப் போகிறேன்.