ஊரில் அளந்ததை ஊரிடம் சொல்ல வேண்டாமா?

பள்ளியில் ‘புராஜெக்ட்’ என்றாலே பெற்றோருக்கு நினைவுக்கு வருவது சார்ட்டும் தெர்மாகோலும், ஸ்டேஷனரி கடை அடைப்பதற்குள் இரவில் ஓடுவதும்தான். அந்தக் கூத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது, உண்மையிலேயே உழைத்துச் செய்யப்படும் ஆய்வுகளில் உள்ள ஒரு குறையைப் பற்றி.

1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டை ஆசிரியர்கள் அறிவார்கள். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீடுவீடாகக் கேட்டும் அளந்தும் அறிக்கை எழுதி, மாவட்ட அளவில் தொடங்கி தேசிய அளவு வரை முன்வைக்கலாம். பள்ளிக்கல்வியில் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை என்றே கருதுகிறேன். நான் வழிகாட்டி ஆசிரியராக இருந்த ஓராண்டு, எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது தெருக்குழாயில் ஒழுகி வீணாகும் தண்ணீர்.

ஒழுகும் குழாயடியில் 15 லிட்டர் குடத்தை வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். 40 நிமிடத்தில் நிரம்பியது. காலையில் தண்ணீர் விடும் இரண்டு மணி நேரத்தில், அந்த ஒரு குழாயில் மட்டும் மூன்று குடம். எல்லாக் குழாய்களையும் குறித்துப் படம் வரைந்தபோது, தண்ணீர் ஏறாத தெரு எது என்பதும் தெரிந்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் ‘மேடு’ என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தெரு மேட்டில் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அறிக்கை மாவட்டத்தில் தேர்வானது. சான்றிதழ் தலைமையாசிரியர் அறையில் சட்டமிட்டுத் தொங்கியது. அறிக்கை பீரோவுக்குள் போனது. மறு ஆண்டு வேறொரு தலைப்போடு அதே தெருவுக்குச் சென்றபோது, ஒரு பாட்டி கேட்டார்: “போன வருசமும் எழுதிக்கிட்டுப் போனீங்களே சாமி, என்னாச்சு?” பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லை.

கேட்டு வாங்கிய விவரத்தைக் கொடுத்தவரிடமே திருப்பிச் சொல்வது ஆய்வின் கடைசிப் படி. அதை விட்டுவிட்டு நடுவர்களிடம் மட்டும் சொல்லிப் பழகும் பிள்ளை, ஊர் என்பது மதிப்பெண்ணுக்கு விவரம் எடுக்கும் இடம் என்றுதானே நினைத்துக்கொள்ளும்? நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் கோயில் வளாகத்துப் புல்லைச் செதுக்கிவிட்டு வருவதற்கும் இது பொருந்தும்.

இதற்குப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை, கிராம சபை இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. அவற்றுள் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய இரு நாள்களில் பிள்ளைகள் எப்படியும் கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் முன், ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவைத்துப் பத்து நிமிடம் அங்கே பேச வைக்கலாம். சபையின் உறுப்பினர் வாக்காளர்தான், பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனால் குடத்தையும் கடிகாரத்தையும் வைத்து எடுத்த கணக்கைப் படித்துக் காட்ட வாக்குரிமை எதற்கு?

தயக்கம் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தண்ணீர் ஏறாத தெருவின் படத்தைச் சபையில் விரித்தால் தலைவர் முகம் சுளிப்பார், மறுநாள் பள்ளிக்குத் தொலைபேசி வரும், வழிகாட்டி ஆசிரியர் ‘அரசியல் பண்ணுகிறார்’ என்பார்கள். அந்த அச்சத்தில்தான் நானும் அன்று ‘மேடு’ என்ற சொல்லைத் திருத்தாமல் விட்டேன்.