ஏல விலை ஏன் இங்கிலீஷ்ல மட்டும்?

காலையில கோத்தகிரி டீக்கடையில உட்கார்ந்தா போதும், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இங்கிலீஷ் பேப்பரை மடிச்சு எடுத்துட்டு வந்துடுவார். "தம்பி, குன்னூர் தேயிலை ஏலத்துல இந்த வாரம் என்ன விலைன்னு போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு." அரை ஏக்கர் தேயிலை வச்சிருக்கிற மனுஷன். பச்சை இலைக்கு ஃபேக்டரி குடுக்கிற காசு அந்த ஏல விலையைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். அந்த விவரம் அவருக்குப் புரியாத மொழியில, வணிகப் பக்கத்து மூலையில கிடக்குது.

நான் வாங்குற தமிழ்ப் பேப்பரைப் பிரிச்சா நீலகிரிப் பக்கம் முழுக்க மலர்க் கண்காட்சி, பைக்காராவுல படகுக்கு வரிசை, ரோட்டுல காட்டெருமை. எல்லாம் வர்றவங்களுக்கு. இங்கேயே இருக்கிறவங்களுக்கு எங்கே?

2020 அக்டோபர்ல, மசினகுடி பக்கம் யானைங்க போற சீகூர் வழித்தடத்தைப் பத்தி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்பவும் இதே கதைதான். விளக்கமா இங்கிலீஷ்ல படிச்சேன்; தமிழ்ல எனக்குக் கிடைச்சது நாலு வரி. அங்கே வீடு இருக்கிறவங்கதானே அதை வரிக்கு வரி படிச்சிருக்கணும்!

1878-ல 'தி ஹிந்து'வைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ஜி. சுப்பிரமணிய ஐயர், இங்கிலீஷ் மட்டும் பத்தாதுன்னுதான் 1882-ல 'சுதேசமித்திரன்'கிற தமிழ்ப் பேப்பரை ஆரம்பிச்சார். டீக்கடைக்கு வர்ற அந்த அண்ணன் வீட்டுல பேசுறது படுகர்களோட மொழியான படுகு. தமிழே அவர் பள்ளிக்கூடத்துல படிச்ச மொழி. அதுக்கும் மேல இன்னொரு மொழியா?

நாளைக்கும் வருவார். நானும் படிச்சுச் சொல்லுவேன். ஆனா வயிறு எரியுது.