ஜீன்ஸைத் தைத்தவர் லீவை ஸ்ட்ராஸ் அல்ல

"1849 கலிபோர்னியா தங்க வேட்டையின்போது லீவை ஸ்ட்ராஸ் என்ற தையல்காரர், விற்காமல் மிஞ்சிய கூடாரத் துணியில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு பேன்ட் தைத்தார், அதுதான் ஜீன்ஸ்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது சரியல்ல.

ஸ்ட்ராஸ் தையல்காரரே இல்லை, ஜவுளி மொத்த வியாபாரி. சான் பிரான்சிஸ்கோவுக்கு அவர் வந்ததே 1853இல்தான். ஊசி பிடித்தவர் நெவாடா மாநிலத்தின் ரினோ நகரில் கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ். விறகுவெட்டி ஒருவரின் மனைவி, கணவருக்குக் கிழியாத பேன்ட் வேண்டும் என்று கேட்டார். குதிரைப் போர்வைகளுக்கு அடிக்கும் செம்பு ரிவெட்டை டேவிஸ் பாக்கெட் மூலைகளில் அடித்துக் கொடுத்தார். உங்கள் ஜீன்ஸ் பாக்கெட்டின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் தட்டுப்படும் அந்தச் சின்ன உலோகப் பொட்டு அவருடைய யோசனை. காப்புரிமைக்காகத் தனக்குத் துணி விற்ற ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

அமெரிக்கக் காப்புரிமை எண் 139121, தேதி 1873 மே 20. கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் எண்ணைப் போட்டால், கண்டுபிடித்தவர் இடத்தில் டேவிஸின் பெயரே இருக்கும். உழைத்தவரின் பெயரை மறைக்கும் அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள்.