ஆச்சி வெறும் காமெடி நடிகை இல்லை

நேற்று ஒரு நிகழ்ச்சியில் நடிகை மனோரமா ஆச்சியைப் பற்றி இளக்காரமாகப் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே பகிர எனக்கு மனசில்லை. 'காமெடி பண்ணிட்டுப் போன அம்மா' என்று ஒருவர் சொல்கிறார், சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். ஒருத்தருக்காவது மறுத்துப் பேசத் தோன்றவில்லையே, அதுதான் வயிற்றெரிச்சல்.

மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த கோபிசாந்தா (ஆச்சியின் இயற்பெயர் அதுதான்), வீட்டு நிலைமையால் படிப்பை விட்டு நாடக மேடை ஏறியவர். மேடையில் வசனம் தடுமாறினால் இன்னொரு டேக் கிடையாது. நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தார், அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில் நின்றார். 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்கு வந்தபோதே அவர் தேறிய நடிகை. நகைச்சுவை அவர் செய்தவற்றில் ஒன்று. ஒன்றுதான்!

"நகைச்சுவை நடிகை என்றால் இழிவா?" என்று கேட்பீர்கள். இழிவே இல்லை. 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியை நான் சலிக்காமல் பார்ப்பவன். ஆனால் நேற்று அதைச் சொன்ன தொனி இருக்கிறதே, அது இழிவு. "எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி கத்துவார்" என்கிறவர்கள் 'புதிய பாதை' பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதை அந்தப் படத்துக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

என் பெரியம்மா சினிமா பார்த்து அழுகிற ஆளே இல்லை. டிவியில் 'சின்ன கவுண்டர்' ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சியின் எத்துப்பல்லைப் பார்த்துப் பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா இப்படித்தான்டா பேசும்" என்றார். அதே பல், அதே முகம். அப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

திருமண வாழ்க்கை சீக்கிரமே முறிந்து, மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியும் அவர்தான். இது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஒரு பெரிய ஹீரோவைப் பற்றி இப்படிப் பேசியிருந்தால் அந்த அரங்கம் சும்மா இருந்திருக்குமா? அம்மா வேஷம் கட்டினவள்தானே, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்களிடம் நான் கேட்கிறேன். அந்தப் பேச்சை நீக்குங்கள், மன்னிப்புக் கேளுங்கள்.