ஓடிபி மட்டும் அம்மணியிடம்

போன மாதம் ஈரோடு பக்கம் ஒரு தொழில்முனைவோர் பயிற்சியில் கணக்கு வழக்கு பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள், பாதிக்குப் பாதி பெண்கள். "பில் இல்லாம வாங்கினா விலை குறையும். வாங்குவீங்களா?" என்று கேட்டேன். பையன்கள் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். பெண்களில் இரண்டே பேர். நடத்துகிறவர் உடனே, "பாத்தீங்களா மேடம், லேடீஸ்னாலே நேர்மைதான்" என்றார்.

இந்தப் பாராட்டு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனைக் கம்பெனி நடத்திய எலிசபெத் ஹோம்ஸ், முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2022இல் 11 ஆண்டுக்கு மேல் தண்டனை வாங்கியவர். நேர்மை என்ன கர்ப்பப்பையிலா சுரக்கிறது? கை தூக்காத ஒரு பெண்ணிடம் டீ குடிக்கும்போது காரணம் கேட்டேன். "மாட்டிக்கிட்டா எந்தம்பிக்கு வேற கடை வெச்சுக் குடுப்பாங்கக்கா. என்னைய, அப்பவே சொன்னம்ல்லன்னு வீட்ல உக்கார வெச்சிருவாங்க."

என்னை அதிகம் உறுத்துவது வேறு. சொந்தத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு கிடைக்கும் பிஎம்இஜிபி கடனில், நகர்ப்புறத்தில் பொதுப்பிரிவு ஆணுக்கு மானியம் 15 சதவீதம், பெண்ணுக்கு 25. கைப்பணமும் 10 சதவீதத்துக்குப் பதில் 5 போட்டால் போதும். 20 லட்ச ரூபாய்த் திட்டத்தில் மானியம் மட்டுமே 2 லட்சம் கூடுதல். அதனால் காகிதத்தில் முதலாளி அவள். கொட்டேஷன் வாங்குவது, சரக்கெடுப்பது, கல்லாவில் உட்காருவது எல்லாம் வீட்டுக்காரர். ஜிஎஸ்டி தாக்கலுக்கு என்னிடம் வரும் இந்த மாதிரிக் கடைகளில் ஓடிபி மட்டும்தான் அம்மணியிடமிருந்து வரும். அதுவும், "கொஞ்சம் இருங்க, அடுப்படில இருக்கா" என்ற பிறகு.

கொட்டேஷனில் விலையை ஏற்றிப் போட்டு வாங்கியவர் வீட்டுக்காரர். தவணை நின்றால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் விழுவது அவளுக்கு, நோட்டீஸ் வருவதும் அவள் பெயருக்கு. நேர்மையானவள் என்று மேடையில் புகழப்பட்டவளின் தொழில், முதல் நாளே ஒரு பொய்யில் தொடங்குகிறது. சலுகையே தப்பு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதே மானியத்தை வைத்து நிஜமாகவே யூனிட் நடத்தும் பெண்களின் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன்.

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பையன், "ஊரே செய்யறதுதானுங்க மேடம்" என்றான். சிலர் தலையாட்டினார்கள்.

கிளம்பும்போது ஒரு பெண் வாசல்வரை வந்தாள். கல்யாணமாகி எட்டு மாசமாம், மறுநாள் பேங்கில் இந்தக் கடனுக்கு இன்டர்வியூவாம். "கையெழுத்துப் போடமாட்டேன்னு எப்படிக்கா சொல்றது?"

படிக்காமல் எதிலும் போடாதே என்று மட்டும் சொல்லி என் நம்பரைக் கொடுத்தேன். இன்னும் கூப்பிடவில்லை.